சைலென்சர் புராணம்: இண்டியானா முதல் ஆஸ்டின் டவுன் வரை

நான் குப்பை கொட்டும் ஊரின் பெயர் கொலம்பஸ். உடனே ஒஹாயோ என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இது இண்டியானா கொலம்பஸ், சின்ன ஊர். 1919ல் கம்மின்ஸ் டீசல் எஞ்சின் கம்பெனி இங்கேதான் ஆரம்பித்தது, தலைமையகமும் இங்கேதான். அதனால் மெக்கானிக்கல் படித்துவிட்டு வந்த நம்மாட்கள் ஊர் அளவுக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருக்கிறோம். பொங்கலுக்கு ஒருவர் வீட்டில் கூடினால் சர்க்கரைப் பொங்கலுக்கு நடுவே பிஸ்டன் பற்றிப் பேச்சு வரும். வீட்டுப் பெண்கள் தலையில் அடித்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார்கள். (அவர்களில் பாதிப்பேரும் எஞ்சினியர்கள்தான், அது வேறு கதை.)

இந்த ஊருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. ஊர்க்காரர்களே பலர் அறியாதது. 1890களில் இங்கே மில்டன் ரீவ்ஸ், மார்ஷல் ரீவ்ஸ் என்று இரண்டு சகோதரர்கள் இருந்தார்கள். மரக்கட்டையில் கப்பி செய்து விற்கும் கம்பெனி அவர்களுடையது. 1896ல் குதிரை இல்லாமல் ஓடும் வண்டி ஒன்றைச் செய்து, அதற்கு 'மோட்டோசைக்கிள்' என்று பெயர் வைத்தார்கள். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், அதற்கு நாலு சக்கரம். அது போட்ட சத்தத்தில் தெருவில் குதிரைகள் மிரண்டன. எனவே புகை வெளியே வரும் வழியில் சத்தத்தை அடக்க ஒரு டப்பாவைப் பொருத்தி, 1897ல் காப்புரிமையும் வாங்கினார்கள். இன்று உலகத்தில் ஓடும் ஒவ்வொரு வண்டியின் பின்னாலும் தொங்கும் சைலென்சரின் கொள்ளுத்தாத்தாக்களில் ஒன்று அந்த டப்பா. (இதே மில்டன் ரீவ்ஸ் 1911ல் எட்டுச் சக்கரக் கார் ஒன்றையும் செய்தார். யாரும் வாங்கவில்லை.)

அமெரிக்கர்கள் அந்த டப்பாவை மஃப்ளர் என்கிறார்கள். நமக்கோ மஃப்ளர் என்றால் மார்கழிக் குளிரில் தலையைச் சுற்றிக் கட்டுவது. நாம் பிரிட்டிஷ்காரன் சொல்லைப் பிடித்துக்கொண்டு சைலென்சர் என்கிறோம். வெளிநாட்டுப் படம் பார்க்கும் பிள்ளைகளிடம் சைலென்சர் என்றால் துப்பாக்கியைத்தான் நினைப்பார்கள். அதுவும் சொந்தம்தான். 1909ல் துப்பாக்கிச் சைலென்சருக்குக் காப்புரிமை வாங்கிய ஹைரம் பெர்சி மாக்சிம், அதே யோசனையை எஞ்சின்களுக்கும் பயன்படுத்தியவர். இரண்டிலும் வேலை ஒன்றே: அழுத்தத்தோடு சீறி வரும் வாயுவை அறை அறையாகத் தடுத்து, விரிய விட்டு, ஆறப்போட்டு அனுப்புவது.

சரி, இப்போது எதற்கு இந்தப் புராணம்?

போன மாதம் அக்கா போன் செய்தாள். பெங்களூரு ஆஸ்டின் டவுனில் இருக்கிறாள். "டேய், அவன் புல்லட்டுக்கு ஏதோ புதுக் குழாய் மாட்டப் போறானாம். கீழ் வீட்டு ஆயா இப்பவே ராத்திரி தூங்கறதில்ல. நீ எஞ்சின் படிச்சவன்தானே, நீ சொன்னாக் கேப்பான்." பின்னாலிருந்து மருமகன் குரல்: "மாமா, அம்மா சொல்றது பாதிதான். பழைய சைலென்சர் துரு பிடிச்சு ஓட்டை. மாத்தியே ஆகணும். தனுஷ்கோடி டூர் இருக்கு. எது மாட்டறதுன்னு மட்டும் சொல்லுங்க." அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் நீட்டி இங்கே எழுதுகிறேன். ஊரில் புல்லட் வைத்திருக்கும் தம்பி, மச்சான், மருமகன் இல்லாத குடும்பம் ஏது?

முதலில் ஆஸ்டின் டவுன். பெயரைக் கேட்டால் ஆஸ்டின் கார் ஞாபகம் வரும், ஆனால் சம்பந்தம் இல்லை. 1903 முதல் 1905 வரை மைசூர் ரெசிடெண்டாக இருந்த ஜேம்ஸ் ஆஸ்டின் போர்டில்லன் என்ற துரையின் நடுப்பெயர் அது. பிறகு, கன்னட அகராதி தந்த கிட்டெல் பாதிரியார் நினைவாக கிட்டெல் நகர் என்றும் பெயர் வைத்தார்கள். ஆட்டோக்காரரிடம் கிட்டெல் நகர் என்று சொல்லிப் பாருங்கள், உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார். 1809ல் பெங்களூரில் கண்டோன்மென்ட் வந்தபோது மெட்ராஸ் மாகாணத்துப் பட்டாளத்தோடு சிப்பாய், சமையல்காரர், வண்ணார், தோட்டக்காரர், கொத்தனார் என்று தமிழர்கள் வந்து சேர்ந்தார்கள். அந்தப் பக்கம் முழுவதும் இன்றும் தமிழ் காதில் விழுவதற்குக் காரணம் அதுதான். பக்கத்தில் நீலசந்திரா, விவேக்நகர், வண்ணாரப்பேட்டை. நந்தன் மைதானத்தில் எப்போதும் கால்பந்து.

இவ்வளவும் சொல்லக் காரணம் தெருவின் அகலம். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், எதிர்வீட்டு ஜன்னல் கைக்கெட்டும் தூரம். இந்தச் சந்தில் ஒரு வண்டியை ஸ்டார்ட் செய்தால் சத்தம் வெளியே போக வழியில்லாமல் இரண்டு பக்கச் சுவரிலும் மோதி மேலே ஏறும். இதே வண்டியை இங்கே சோளக்காட்டு நடுவில் ஓட்டினால் ஒரு குருவி பறக்கும், அவ்வளவுதான். சைலென்சர் விளம்பரம் எதிலும் தெருவின் அகலம் கேட்பதில்லை.

அடுத்து புல்லட். இந்திய ராணுவம் 1952ல் எல்லைக் காவலுக்காக 500 புல்லட்டுகளை மெட்ராஸ் மோட்டார்ஸ் வழியாக வாங்கியது. 350 சிசி வண்டிகள் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரிலிருந்து 1953ல் வந்தன. (ஆஸ்டின் கார் செய்த லாங்பிரிட்ஜ் அதற்குப் பக்கத்து ஊர்தான். சம்பந்தம் இல்லை என்று சொன்ன ஆஸ்டின் எப்படியோ உள்ளே வந்துவிட்டார்!) 1955ல் என்ஃபீல்டு இந்தியா உருவானது. திருவொற்றியூர் தொழிற்சாலை 1956ல் திறந்தது. முதல் வருஷம் பாகங்களைக் கப்பலில் கொண்டுவந்து பூட்டியது மொத்தம் 163 வண்டி. பிறகு எல்லாவற்றையும் இங்கேயே செய்யக் கற்றுக்கொண்டோம். ரெட்டிச் 1967ல் மூடியது, 1970ல் இங்கிலாந்தில் தயாரிப்பே நின்றது. 1977ல் நாமே இங்கிலாந்துக்குப் புல்லட் ஏற்றுமதி செய்ய ஆரம்பித்தோம். திருவொற்றியூர்க்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.

பெங்களூருக்கும் இந்த வண்டிக்கும் பட்டாளம் வழியாகவே உறவு. ஆர்மி சர்வீஸ் கோரின் 'டார்னேடோஸ்' சாகசக் குழு இந்த ஊர்க்காரர்கள்தான். 2017 நவம்பரில் எலஹங்கா விமானப்படைத் தளத்தில் ஒரே 500 சிசி வண்டியில் 58 பேர் ஏறி 1,200 மீட்டர் ஓட்டி உலக சாதனை செய்தார்கள். நம் வீட்டில் மூன்று பேர் ஏறினால் போலீஸ் பிடிக்கிறது.

இப்போது எல்லாரும் உருகும் அந்த 'டப்... டப்... டப்' விஷயம். பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் 346 சிசி, ஒற்றை சிலிண்டர். சிலிண்டர் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். நாலு ஸ்ட்ரோக் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்பு. நின்ற இடத்தில் நிமிடத்துக்கு 720 சுற்று ஓடினால் 360 வெடிப்பு, அதாவது வினாடிக்கு ஆறு. வினாடிக்கு ஆறு தட்டு என்றால் காது தனித்தனியாக எண்ணும், தவில் போல. இருபதைத் தாண்டினால் எண்ண முடியாது, ஒரே உறுமலாகிவிடும். அவ்வளவு மெதுவாக ஓடியும் எஞ்சின் அணையாமல் இருந்ததற்குக் காரணம் கனமான ஃப்ளைவீல். ஆக அந்தத் தாளம் பிறந்தது சைலென்சரில் அல்ல, எஞ்சினுக்குள். சைலென்சர் அதைக் கெடுக்காமல் வெளியே விட்டது.

இன்னொன்று. அந்தக் காலத்துப் புல்லட் அதிகச் சத்தம் போடும் வண்டியே இல்லை. கம்பெனி நீளமான சைலென்சர்தான் மாட்டி அனுப்பியது. தெருமுனையில் வரும்போதே "அப்பா வந்துட்டார்" என்று சொல்ல முடிந்ததென்றால், அது தாளத்தை வைத்துத்தான். ஒவ்வொரு வண்டிக்கும் தாளம் கொஞ்சம் வேறு. இப்போது நாலு தெரு தள்ளியே கேட்கிறது, யார் வருகிறார் என்றுதான் தெரிவதில்லை.

இது எப்போது மாறியது? 1994ல் ஐஷர் கம்பெனி என்ஃபீல்டை எடுத்துக்கொண்டது. 2009ல் கிளாசிக் வந்தது, எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் இருக்கும் புது எஞ்சினோடு. எண்ணெய் ஒழுகாது, கிக்கர் திருப்பி அடிக்காது, வலது கால் கியரும் இல்லை. எல்லாம் நல்லதே. ஆனால் சத்தம், புகை விதிகளுக்குக் கட்டுப்பட்டுப் பிறந்தது. ஐடி சம்பளத்தில் ஆசையாக வாங்கிய பையன்களுக்குத் தாத்தா வண்டியின் தாளம் கிடைக்கவில்லை. அதைத் தேடி ஜே.சி. ரோடு கடைகளுக்குப் போனார்கள். அங்கே கிடைத்தது தாளம் அல்ல, ஒலி அளவு.

கடைகளில் தொங்கும் பெயர்களே ஒரு சரித்திரம். ஷார்ட் பாட்டில், லாங் பாட்டில், மெகாஃபோன், டால்ஃபின், இந்தூர் பெயரில் ஒரு 'இந்தோரி'. எல்லாவற்றிலும் பிரபலம் கோல்ட்ஸ்டார். அது என்ஃபீல்டு பெயரே இல்லை, போட்டிக் கம்பெனியான பிஎஸ்ஏவின் வண்டி! 1937ல் வால் ஹாண்ட்லி என்ற வீரர் புரூக்லண்ட்ஸ் ஓட்டப்பந்தயத் தளத்தில் பிஎஸ்ஏ வண்டியை மணிக்கு நூறு மைலுக்கு மேல் ஓட்டினார். அப்படி ஓட்டியவர்களுக்கு நட்சத்திர வடிவத் தங்க பேட்ஜ் தருவார்கள். அந்தப் பெயரில் பிஎஸ்ஏ 1938 முதல் 1963 வரை வண்டி விற்றது. அதன் சைலென்சர், ஆக்ஸிலரேட்டரை விட்டதும் கீச்சுக் குரலில் ஒரு மாதிரி சிணுங்கும் என்று இங்கிலாந்தில் பேர் வாங்கியது. கம்பெனி போய்விட்டது, பேட்ஜ் போய்விட்டது, பெயர் மட்டும் ஜே.சி. ரோட்டில் ஒரு கொக்கியில் தொங்குகிறது. அதை வாங்கும் பையனிடம் கேட்டால் "ஒரிஜினல் புல்லட் சவுண்ட் மாமா" என்கிறான்.

"குழாய் மாற்றினால் பவர் ஏறுமா?" என்பது அடுத்த கேள்வி. இரண்டு ஸ்ட்ரோக் வண்டியில் நிச்சயம் ஏறும், ஏனென்றால் அங்கே குழாயும் எஞ்சினில் ஒரு பாகம். கிழக்கு ஜெர்மனியில் எம்இஜட் கம்பெனியின் வால்டர் காடன், குழாயை நடுவில் பருமனாக்கி முனையில் ஒடுக்கினால் அழுத்த அலை திரும்பி வந்து, வீணாக வெளியேறும் பெட்ரோல் கலவையை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளும் என்பதை 1950களில் நுணுக்கமாகச் செய்துகாட்டினார். 1961ல் அவருடைய 125 சிசி எஞ்சின் 25 குதிரைசக்தியைத் தொட்டது. அதே ஆண்டு ஸ்வீடன் பந்தயத்தின்போது அவருடைய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்குக்குத் தப்பி ஓடினார். வித்தை அவரோடு சுசுகிக்குப் போனது. 1962ல் சுசுகி வண்டியில் 50 சிசி உலகப் பட்டம். ஒரு புகைக் குழாய்க்காகப் பனிப்போர்க் காலத்தில் நடந்த தகிடுதத்தம் இது. நாம் கல்லூரியில் பார்த்து ஏங்கிய யமஹா ஆர்எக்ஸ் 100 (1985ல் வந்தது) கண்ணைப் பறித்ததற்குப் பின்னால் இந்தக் கதையெல்லாம் இருக்கிறது.

நம் கர்நாடகத்திலும் இரட்டைக் குழாய் வண்டி உண்டு. மைசூரில் ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1960களின் ஆரம்பம் முதல் 1996 வரை ஜாவாவும் எஸ்டியும் செய்தது. அந்தச் சைலென்சருக்குள் எண்ணெய்க் கரி அப்பிக்கொள்ளும். உள்கூட்டைக் கழற்றித் தெருவோரத்தில் நெருப்பில் போட்டு, கரியைத் தட்டி எடுப்பார்கள். அந்த வாசனை தெரிந்தவர்களுக்கு இப்போது மூக்கு அரிக்கும் :-)

புல்லட்டில் கதை வேறு. நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் வால்வுகள் இருப்பதால் வெறும் சைலென்சரை மட்டும் மாற்றி வரும் பவர் சொற்பம். காதில் கேட்பதுதான் பவர் என்று மனம் நம்பிக்கொள்கிறது. மாறாக, தடை குறைந்த குழாய் மாட்டினால் எஞ்சின் அதிகக் காற்றை இழுக்கும், கார்புரேட்டர் அதே அளவு பெட்ரோல் கொடுக்கும். கலவை மெலிந்து எஞ்சின் சூடாகும். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்: டீத்தூள் சாயம் போல இருந்தால் சரி, சுண்ணாம்பு வெள்ளை என்றால் மெலிவு. அப்போது மெயின் ஜெட்டைப் பெரிதாக்க வேண்டும். பெண்ட் பைப் நீலமாவதும் சூட்டின் அடையாளம்தான், அதை அழகு என்று போட்டோ எடுக்கிறார்கள். 2020க்குப் பிறகு வந்த பிஎஸ் 6 வண்டிகளில் கார்புரேட்டர் இல்லை, பெட்ரோலைக் கம்ப்யூட்டர் அளக்கிறது. புகைக் குழாயில் ஆக்சிஜன் சென்சரும், உள்ளே கேட்டலிடிக் கன்வர்ட்டரும் இருக்கும். அதை வெட்டி எறிந்தால் சத்தத்தோடு விஷமும் சேர்ந்து வெளியே போகும்.

சட்டமும் சொல்லிவிடுகிறேன். 175 சிசிக்கு மேற்பட்ட வண்டிக்கு, கம்பெனி பரிசோதனையில், ஒலி வரம்பு 80 டெசிபல். டெசிபல் கணக்கு தக்காளிக் கணக்கு அல்ல. பத்து கூடினால் ஒலியின் சக்தி பத்து மடங்கு, இருபது கூடினால் நூறு மடங்கு. மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில் சத்தத்துக்கு அபராதம் முன்பு ஆயிரம் ரூபாய், 2019 திருத்தத்துக்குப் பிறகு பத்தாயிரம் வரை, மூன்று மாதச் சிறையும் லைசென்ஸ் தகுதியிழப்பும் வரலாம். அதே 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும், தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்துக்கு முரணாக வண்டியை மாற்றக்கூடாது என்று தீர்ப்பளித்தது. பிடித்த சைலென்சர்களை வரிசையாக அடுக்கி ரோடு ரோலர் ஏற்றும் போட்டோக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

மருமகனிடம் இதையெல்லாம் சொன்னபோது "ஆயாவுக்காக மட்டும்தானே மாமா?" என்றான். இல்லை, உனக்காகவும்தான் என்றேன். பெங்களூரிலிருந்து தனுஷ்கோடி சுமார் 600 கிலோமீட்டர். 3,600 சுற்றில் ஓட்டினால் வினாடிக்கு முப்பது வெடிப்பு, அது ஒரே ரீங்காரமாகப் பத்து மணி நேரம் மண்டைக்குள் இறங்கும். நூறு டெசிபல் சத்தத்தைக் கால்மணி நேரத்துக்கு மேல் தினமும் கேட்பது காதுக்கு ஆகாது என்பது அமெரிக்கத் தொழில் நலத் துறையின் கணக்கு. ஊருக்குள் ஐந்து நிமிடம் ஜாலியாக இருக்கும் குழாய், திண்டுக்கல் தாண்டுவதற்குள் தலைவலி.

டூர் வண்டிக்குக் குழாய் தேர்ந்தெடுப்பவர் பார்க்க வேண்டியது அழகை அல்ல. பக்கப் பை குழாயின் மேல் உரசுமா, அதன் சூட்டில் உருகுமா? சென்டர் ஸ்டாண்ட் முழுதாக மடங்குமா? பின்சக்கர நட்டைக் குழாயைக் கழற்றாமல் திருப்ப முடியுமா? (பஞ்சர் ஆவது எப்போதும் இருட்டில்தான்.) உள்ளே தடுப்பு இருக்கிறதா, வெறும் ஓட்டைத் தகடா? கிளாஸ் உல் சுற்றியிருந்தால் அது நாளடைவில் எரிந்து பறந்து, வாங்கியபோது இருந்ததைவிடச் சத்தம் கூடும். துருவும் கவனிக்க வேண்டும். பெட்ரோல் எரிந்தால் தண்ணீரும் உண்டாகும். தினம் ரெண்டு கிலோமீட்டர் ஆபீஸ் போய் வந்தால் சைலென்சர் சூடாகி அந்த ஈரத்தை விரட்டுவதற்குள் வண்டியை நிறுத்திவிடுகிறோம், உள்ளிருந்தே அரிக்கும். மருமகன் சைலென்சரில் ஓட்டை விழுந்தது இப்படித்தான்.

மாட்டுவதிலும் முறை உண்டு. எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். முந்தின ராத்திரியே நட்டுகளில் துரு நீக்கும் எண்ணெய் விட வேண்டும், அவசரப்பட்டால் எஞ்சின் தலையிலுள்ள ஸ்டட் முறியும், அப்புறம் லேத் கடைக்கு நடக்க வேண்டியதுதான். கேஸ்கெட்டைப் புதிதாகப் போடுங்கள், பழையதைத் திருப்பிப் போட்டு மிச்சம் பிடிக்கும் காசில் ஒரு மசால் தோசைகூட வராது. எல்லா போல்ட்டையும் முதலில் தளர்வாக மாட்டி, குழாயைத் தன் இடத்தில் உட்காரவிட்டு, எஞ்சின் பக்கத்திலிருந்து பின்பக்கமாக இறுக்கிக்கொண்டே வர வேண்டும். பின்னாலிருந்து இறுக்கினால் குழாய் முறுக்கிக்கொண்டு நிற்கும், ஒருநாள் பிராக்கெட் விரியும். குரோமியத்தில் விரல் ரேகை இருந்தால் ஸ்டார்ட் செய்வதற்கு முன் துடைத்துவிடுங்கள், சூட்டில் நிரந்தரமாகப் பதிந்துவிடும். நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி ஒரு இறுக்கு.

கடைசியில் என்ன மாட்டினான்? நீலசந்திரா பக்கம் அவனுக்கு வாடிக்கையான மெக்கானிக் பாய் ஒருவர் இருக்கிறார். அவர் கடைப் பரணில் கம்பெனிச் சைலென்சர்கள் வரிசையாக அடுக்கியிருக்கின்றன, பல புத்தம் புதியவை. ஷோரூமிலிருந்து வண்டியை எடுத்த வாரமே கோல்ட்ஸ்டார் மாட்டிக்கொண்டு பையன்கள் கழற்றிப் போட்டுப் போனவை. இவன் வண்டிக்குப் பொருந்தும் ஒன்றைப் புதிதின் விலையில் பாதிக்கும் குறைவாகக் கொடுத்தார். "இதைத் திருப்பி மாட்டச் சொல்லிக் கேட்டு வந்த ரெண்டாவது ஆள் நீ. முதல் ஆளுக்குக் குழந்தை பொறந்திருந்துச்சு" என்றாராம்.

அதிகாலை நாலரைக்குக் கிளம்பி, மதுரையில் சாப்பிட்டு, சாயங்காலம் பாம்பன் பாலத்தில் நின்று போன் செய்தான். வண்டி சௌக்கியம், காதும் சௌக்கியம். கிளாம்ப் போல்ட் மட்டும் திண்டுக்கல் அருகே லூஸாகி டக் டக் என்றதாம். கிருஷ்ணகிரியில் டீ குடிக்க நின்றபோது நூறு கிலோமீட்டர் ஆகவில்லை என்று மறு இறுக்கலைத் தள்ளிப்போட்டானாம். ஸ்பேனர் எங்கே இருந்தது என்றேன். பக்கப் பையில், துணிக்கு அடியில்.